கடைக்குப் புது லைட் போட்டேன், சேலை நிறம் மாறிவிட்டது: வாட்ஸ், லுமென், லக்ஸ் யாராவது புரிய வையுங்கள்

புடவைக்கடைப் பையன் – செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கொழும்பு புறக்கோட்டையில் எங்களுக்கு ஒரு புடவைக்கடை. அப்பாவின் கடைதான், இப்போது பாதி நேரம் நான் நிற்கிறேன். கரண்ட் பில் தாங்க முடியாமல் ஆறு கிழமைக்கு முன் பழைய லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி பனல் 12 போட்டோம். ஒவ்வொன்றும் 40 வாட்ஸ், 'டேலைட்'. விற்றவர் "பகல் மாதிரி இருக்கும்" என்றார். வெள்ளையாக, பளீரென்று இருக்கிறதுதான். ஆனால் அரக்குக் கூறைச் சேலையை விரித்தால் மண்ணிறமாகத் தெரிகிறது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் ஆட்கள் எடுக்கிறார்கள். மயில்கழுத்துச் சேலை வாங்கிய ஒரு அக்கா, கடையில் நீலம் வீட்டில் பச்சை என்று திருப்பிக் கொண்டுவந்து சண்டை. சரிகை எல்லாம் செத்துக் கிடக்கிறது. வெள்ளை வேட்டி புதிதே பழசு மாதிரி. அப்பா ஒரே வசனம்தான் சொல்கிறார்: "காசு கொடுத்து வெளிச்சம் வாங்கிக் கடையை இருட்டாக்கிவிட்டாய்."

பெட்டியில் வாட்ஸ், லுமென், கெல்வின், ஆர்.ஏ. என்று என்னென்னவோ போட்டிருக்கிறது. போனில் லக்ஸ் பார்க்கிற ஆப் ஒன்று இறக்கினேன், மேசையில் 520 காட்டுகிறது. அது கூடவா, குறைவா? நான் வர்த்தகப் பிரிவில் படித்தவன். கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

தெமட்டகொட நைட்ஷிப்ட் – இரவு 9.52

40 வாட்ஸ் காணாது தம்பி. 60 போடுங்கள், சரியாகிவிடும்.

பௌதிகச் சேர் – இரவு 10.31

60 போட்டால் மண்ணிறம் இன்னும் பிரகாசமான மண்ணிறமாகும், அவ்வளவுதான்.

தம்பி, வாட்ஸை முதலில் மறந்துவிடுங்கள். அது பல்ப் மீட்டரிடம் வாங்கும் கடன். அதில் எவ்வளவை வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் லுமென். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்ப் 700 லுமென் சொச்சம் தந்தது, இன்று அதே வெளிச்சத்தை ஒரு நல்ல எல்இடி 7, 8 வாட்ஸில் தருகிறது. குண்டு பல்ப் வாங்கிய கடனில் பெரும்பகுதி சூடாகப் போனது.

லுமென் முழுக்க முழுக்க மனிதக் கண்ணின் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். நம் கண் அதிகம் விழிப்பது 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சைக்கு. அந்த நிறத்தில் 1 வாட்ஸ் ஒளி 683 லுமென். அதே 1 வாட்ஸ் ஆழ்ந்த நீலத்திலோ ஆழ்ந்த சிவப்பிலோ இருந்தால் சில பத்து லுமென்தான் தேறும். டிவி ரிமோட்டின் நுனியில் இருக்கும் குமிழும் ஒளிதான் விடுகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ் ஒளி என்பதால் 0 லுமென்.

லக்ஸ் என்பது விழுந்த இடத்தின் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு லுமென் விழுந்தால் ஒரு லக்ஸ். குழாயில் வருகிற தண்ணீர் லுமென் என்றால், பாத்தியில் ஓரிடத்தில் ஊறும் ஈரம் லக்ஸ். உங்கள் கடை எவ்வளவு பெரிது?

புடவைக்கடைப் பையன் – இரவு 10.40

650 சதுர அடி இருக்கும் சேர். பெட்டியில் ஒரு பனலுக்கு 4,000 லுமென் என்று இருக்கிறது.

பௌதிகச் சேர் – இரவு 11.05

12 பனல், 48,000 லுமென். 650 சதுர அடி என்றால் ஏறத்தாழ 60 சதுர மீற்றர். ஒன்றும் வீணாகாவிட்டால் 800 லக்ஸ். சுவர், அலுமாரி, அடுக்கிய துணி எல்லாம் விழுங்கியது போக 520 என்பது நம்பக்கூடிய எண். எழுத்து வேலை நடக்கும் மேசைக்கே 500 போதும் என்பார்கள். ஆகவே உங்கள் கடையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. போன் ஆப்பை மட்டும் அதிகம் நம்ப வேண்டாம், அது செல்பி கமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன உணரியை வைத்துச் சொல்வது. போனைச் சரித்தாலே எண் மாறும். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒப்பிடப் பாவிக்கலாம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, கன்டெலா. தோட்டக் குழாயின் வாயைப் பெருவிரலால் அமுக்கினால் அதே தண்ணீர்தான், ஆனால் மதில் வரைக்கும் பாயும். எந்தத் திசையில் எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பது கன்டெலா. 500 லுமென் பல்ப் ஒன்று எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பினால் ஒவ்வொரு திசையிலும் 40 கன்டெலா. அதே 500 லுமெனையும் 36 பாகைக் கூம்புக்குள் அடக்கினால் 1,600 கன்டெலா. ஒரு லுமென் கூடவில்லை, நாற்பது மடங்கு குத்துகிறது.

கலங்கரை விளக்கை இதனால்தான் கன்டெலாவில் பேசுவார்கள். கோட்டை சத்தாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அதன் தலையில் கப்பல்களுக்கான விளக்கு எரிந்தது. சுற்றிக் கட்டிடங்கள் எழும்பி மறைத்ததால் 1952இல் கடலோரமாகப் புதிய கலங்கரை விளக்கு கட்டினார்கள். எத்தனை லுமென் இருந்தாலும் கடல் பக்கம் போகாத வெளிச்சம் மாலுமிக்கு எதற்கு? அந்த வேலைக்குப் பெரிய கண்ணாடி வில்லை வைத்தால் டன் கணக்கில் பாரம். பிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் வில்லையின் தேவையில்லாத தடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, வளையம் வளையமாக அடுக்கி 1823இல் பிரான்சின் கோர்டுவான் கலங்கரை விளக்கில் வைத்துக் காட்டினார். தாத்தா பேப்பர் வாசிக்க வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உருப்பெருக்கித் தாள் அதே சாதிதான்.

வேறு எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். நிறத்துக்கு நாளை வருகிறேன்.

திருச்சிக்காரன் – புதன், காலை 6.15

ஐயா, 'பாகை', 'வில்லை' எல்லாம் படிக்கவே இனிமை. எங்கள் பாடப்புத்தகத்தில் டிகிரி, லென்ஸ் என்று போய்விட்டோம். அங்கே ஒளிவிலகலை என்ன சொல்வீர்கள்?

பௌதிகச் சேர் – காலை 6.50

ஒளிமுறிவு. உங்கள் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருளில் ஒளி எவ்வளவு திரும்பும் என்ற எண், எங்களுக்கு முறிவுச் சுட்டி, உங்கள் எதிரொளிப்பு எங்களுக்குத் தெறிப்பு. 'தெறிப்பு' எனக்கு மிகவும் பிடிக்கும், சுவரில் பந்து படுவது காதில் கேட்கிறது. 'முறிவு' பற்றிச் சண்டை வேண்டாம், ஒளி முறிவதில்லை, திரும்புகிறது, உங்கள் சொல்தான் நியாயம்.

செட்டியார் தெரு – காலை 8.20

பையா, ஒன்று கேட்கவா. பனல் போடுவதற்கு முந்தி கடையில் என்ன லைட் இருந்தது? ரியூப் மட்டும்தானா?

புடவைக்கடைப் பையன் – காலை 8.34

ரியூப் லைட். பிறகு மேசைக்கு மேலே ஆறு ஹாலஜன் குமிழ், சின்னக் கிண்ணம் மாதிரி, ஒவ்வொன்றும் 50 வாட்ஸ். கையை வைத்தால் சுடும். கரண்ட் தின்கிறது என்று அதைத்தான் முதலில் கழற்றினேன்.

செட்டியார் தெரு – காலை 8.36

கள்ளன் அகப்பட்டான்.

பௌதிகச் சேர் – மதியம் 1.10

இடைவேளையில் எழுதுகிறேன். செட்டியார் தெரு சரியான இடத்தில் கை வைத்தார்.

ஒரு வெளிச்சம் வெள்ளையாகத் தெரிவது வேறு, அதற்குள் எல்லா நிறமும் இருப்பது வேறு. எல்இடிக்குள் இருப்பது நீல நிறச் சிப், 450 நனோமீற்றர் அளவில். அதற்கு மேல் மஞ்சள் பொசுபர் பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பங்கு அப்படியே வெளியே வருகிறது, மீதியைப் பொசுபர் குடித்துவிட்டு மஞ்சளாகக் கக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் கண் 'வெள்ளை' என்று ஒப்புக்கொள்கிறது. இந்த நீலச் சிப் செய்ததற்காகத்தான் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன, நீலம் மட்டும் பல ஆண்டு கைக்கு வரவில்லை.

இந்தக் கலவையில் ஆழ்ந்த சிவப்பு மெலிவு. அரக்குச் சேலை என்ன செய்யும்? தன் மேல் விழுகிற சிவப்பைத்தான் தெறிக்க விடும். விழாததை எப்படித் திருப்பித் தரும்? ஹாலஜன் சூடான கம்பி, அதில் சிவப்பு கொட்டிக் கிடக்கும். நீங்கள் கழற்றியது அந்தச் சிவப்பை.

பெட்டியில் ஆர்.ஏ. என்று ஒரு எண் இருக்கிறதா?

புடவைக்கடைப் பையன் – மதியம் 1.22

"80க்கு மேல்" என்று இருக்கிறது. 100க்கு 80 நல்ல புள்ளிதானே சேர், எனக்குக் கணக்கியலில் வந்ததை விடக் கூட.

பௌதிகச் சேர் – மதியம் 1.29

ஒரு லைட் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான புள்ளி அது, எட்டு வெளிறிய நிறங்களின் சராசரி. கடும் சிவப்பு அந்த எட்டில் இல்லை! அதற்குத் தனியாக ஆர்9 என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், பெட்டியில் பெரும்பாலும் அச்சடிக்க மாட்டார்கள். ஆர்.ஏ. 80 உள்ள பல்ப்புக்கு ஆர்9 பூச்சியத்தை ஒட்டியும் இருக்கலாம். எட்டுப் பாடத்தில் நல்ல சராசரி, தமிழில் மட்டும் பெயில் என்பது போல. புடவைக்கடைக்கு ஆர்.ஏ. 90க்கு மேல் வேண்டும், ஆர்9ஐக் கேட்டு வாங்க வேண்டும்.

கெல்வின் வேறு. 2,700 என்றால் விளக்குத் திரி மஞ்சள், 4,000 நடுவாந்தரம், 6,500 நீலம் பூசிய வெள்ளை. எண் கூடக் கூடக் குளிர்ந்த நிறம் என்பது தலைகீழாகத் தோன்றும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சினால் முதலில் சிவந்து பிறகு வெளுப்பதை நினைத்தால் சரியாகிவிடும். 'டேலைட்' என்று போட்டதால் பகல் ஆகிவிடாது.

தெமட்டகொட நைட்ஷிப்ட் – மதியம் 1.40

அப்ப நான் சொன்ன 60 வாட்ஸ்?

செட்டியார் தெரு – மதியம் 2.15

அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணை :)

எங்கள் பக்கத்தில் இது பழைய கதை. மாமா கல் வியாபாரம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு நீலக்கல் வாங்கமாட்டார். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே நல்ல நீலமும் மை ஊற்றிய மாதிரிக் கறுக்கும், நீலச் சாயல் லைட்டுக்குக் கீழே சுமாரான கல்லும் அழகாகும். விற்பவன் எந்த லைட்டைப் போடுவான் என்று சொல்லத் தேவையில்லை. அலெக்சாண்டிரைட் என்று ஒரு கல், இலங்கையிலும் அகப்படும். பகலில் பச்சை, குண்டு பல்ப்பில் சிவப்பு. அதற்குள் இருக்கும் குரோமியம் மஞ்சள் பகுதியை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் விட்டுவிடுகிறது. எந்த வெளிச்சத்தில் எது கூடவோ அது வெல்லும். உங்கள் அரக்குச் சேலை ஏழையின் அலெக்சாண்டிரைட்.

சரிகைக்கு வருவோம். நட்சத்திர நீலக்கல்லைப் பெரிய பனலுக்குக் கீழே வைத்தால் நட்சத்திரம் கரைந்துபோகும். ஒற்றை ரோச் லைட் மேலே பிடித்தால் ஆறு கதிரும் எழும்பி நிற்கும். கல்லுக்குள் ரூட்டைல் என்ற கனிமம் ஊசி ஊசியாக மூன்று திசையில் படுத்திருக்கிறது, ஒவ்வொரு திசையும் ஒரு கோடு. ஒளி ஒரு புள்ளியில் இருந்து வந்தால்தான் கோடு கோடாகத் தெரியும். நாலு பக்கமும் இருந்து வந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து மங்கிவிடும். சரிகையும் அப்படியே. உங்கள் பனல் முழுக் கூரையையும் வெள்ளையாக்கிவிட்டது, சரிகைக்கு மின்ன ஒரு புள்ளி வேண்டும்.

கண்ணாடிக்கடை பம்பலப்பிட்டி – மாலை 5.05

கல்லுக்காரரே, முறிவுச் சுட்டி பார்க்கும் கருவி வைத்தே கல்லைக் கண்டுபிடித்துவிடலாம் என்கிறார்களே, பிறகு ஏன் மாமா நாலு மணிக் கணக்குப் பார்க்கிறார்?

செட்டியார் தெரு – மாலை 5.30

அந்தக் கருவி 'இது என்ன பொருள்' என்று சொல்லும். நீலக்கல் 1.76, 1.77 காட்டும். சாதாரணக் கண்ணாடி 1.5 பக்கம் நிற்கும், அகப்பட்டுவிடும். ஆனால் உலையில் வளர்த்த செயற்கை நீலக்கல்லும் அதே 1.76தான், ஏனென்றால் அதுவும் அதே பொருள். அங்கே நுணுக்குக்காட்டி வேண்டும், உருக்கி வளர்த்த கல்லில் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் தெரியும். வைரத்தில் கருவி வாயே திறக்காது, வைரம் 2.42, கல்லுக்கும் கருவிக்கும் நடுவில் தடவும் திரவம் 1.81 வரைதான். நிறம் நல்லதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது, அது மாமாவும் காலை வெயிலும்.

வெள்ளவத்தை நூல்காரி – இரவு 8.45

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் கதைக்கிறீர்கள். அந்த மயில்கழுத்துச் சேலையை யாராவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா?

தம்பி, மயில்கழுத்து என்றால் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) இன்னொரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை. நேரே பார்த்தால் ஒன்று, சாய்த்துப் பார்த்தால் மற்றது, மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டும். மேசையில் பரப்பிக் காட்டினால் நீலம் என்பார்கள், உடுத்திக் கண்ணாடி முன் நின்றால் பச்சை என்பார்கள். எந்த பல்ப் போட்டாலும் அது அப்படித்தான், அதற்குத்தான் காசு! அந்த அக்காவுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டும். லைட்டைக் குறை சொல்லாதீர்கள்.

வேட்டிக்கும் சொல்கிறேன். மில் வெள்ளையில் ஒரு மருந்து போடுகிறார்கள், நாங்கள் முந்தி நீலம் போட்ட மாதிரி, வெயிலில் பளிச்சென்று அடிக்கும். அது உங்கள் லைட்டில் வேலை செய்யவில்லை போல. ஏன் என்று சேர்தான் சொல்ல வேண்டும்.

பௌதிகச் சேர் – இரவு 9.20

அக்கா சொன்னது முழுக்கச் சரி. நான் நாலு பதிவு எழுதியும் சேலையைத் தொடவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.

வேட்டியில் இருப்பது ஒளிரும் சாயம். கண்ணுக்குத் தெரியாத ஊதா கடந்த ஒளியையும் ஓரத்து ஊதாவையும் வாங்கி நீலமாக விடும், அதனால் மஞ்சள் மறைந்து வெள்ளை கூடும். வெயிலில் அந்தத் தீனி தாராளம், பழைய ரியூப்பிலும் கொஞ்சம் கசியும். நீலச் சிப் எல்இடி 450இல்தான் தொடங்குகிறது, சாயம் பட்டினி. ஊதாச் சிப் வைத்த எல்இடியும் உண்டு, ஆனால் வேட்டி அடுக்கை வாசல் பக்கம் நகர்த்துவது மலிவு.

கண்ணாடிக்கடை பம்பலப்பிட்டி – இரவு 9.48

அப்ப உண்மையான மயிலின் கழுத்து? அதிலும் இரண்டு சாயமா?

பௌதிகச் சேர் – இரவு 10.02

அங்கே நீலச் சாயமே கிடையாது. இறகுக்குள் கறுப்பு மெலனின் கம்பிகள் நுண்ணிய ஒழுங்கில் அடுக்கியிருக்கும். அடுக்கு இடைவெளிக்கு ஏற்ற அலைநீளம் மட்டும் ஒன்றையொன்று பலப்படுத்தித் தெறிக்கும், மற்றவை அணையும். தலையீடு என்று உயர்தரத்தில் படிப்போமே, அது. நீங்கள் விற்கும் மூக்குக்கண்ணாடியில் சாய்த்தால் தெரியும் பச்சைச் சாயலும் அந்தக் குடும்பம்தான்.

கண்ணாடிக்கடை பம்பலப்பிட்டி – இரவு 10.15

ஆமாம், தெறிப்புத் தடுப்புப் பூச்சு. பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒவ்வொரு முகத்திலும் 4 வீதம் போய்விடும். முறிவுச் சுட்டி 1.67 உள்ள கனம் குறைந்த வில்லையில் 6 வீதத்துக்கு மேல், அதனால் அதற்குப் பூச்சு கட்டாயம் என்று சொல்லுவோம். நீல ஒளித் தடுப்புக் கண்ணாடி கேட்டு வருபவர்களுக்கு நான் விற்கிறேன், ஆனால் கண் களைப்புக் குறையும் என்று வாக்குக் கொடுப்பதில்லை. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. (முதலாளி இந்த இழையைப் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்.)

தெமட்டகொட நைட்ஷிப்ட் – வியாழன், அதிகாலை 2.30

வேலையில் இருக்கிறேன், ஒரு சந்தேகம். வீட்டுக்கு இழுத்த பைபர் கேபிள் உடைந்து நுனி வெளியே தெரிகிறது. வெளிச்சம் ஒன்றும் வரவில்லை, அப்படியானால் லைன் செத்துவிட்டதா?

பௌதிகச் சேர் – காலை 6.05

நுனியைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். வீட்டுப் பைபரில் பொதுவாக வருவது 1,490, போவது 1,310 நனோமீற்றர். நம் கண் 700 தாண்டினால் குருடு. இருட்டாகத் தெரிவதால் ஒளி இல்லை என்று அர்த்தமில்லை. திருத்த வருபவர் சிவப்பு வெளிச்சம் விடுகிற பேனா ஒன்று கொண்டுவருவார், உடைந்த இடத்தில் அது கசிந்து சிவப்பாகத் தெரியும். மீதிக்குத் தனி இழை தொடங்குங்கள்.

தம்பி, வீட்டில் பழைய சீடி ஒன்று இருக்கிறதா? அதன் தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துவிடும். பல்ப்பை அதில் தெறிக்க விட்டுப் பாருங்கள்.

புடவைக்கடைப் பையன் – வியாழன், இரவு 9.15

பார்த்தேன் சேர். அப்பாவின் பக்திப் பாட்டு சீடி ஒன்று எடுத்தேன். பனலில் நீலம் தடித்துத் தெரிகிறது, அடுத்து ஒரு இருண்ட இடைவெளி, பிறகு பச்சை, மஞ்சள், சிவப்பு வரும்போது மெலிந்துவிடுகிறது. களஞ்சியத்தில் கிடந்த ஹாலஜன் ஒன்றை மாட்டினேன், இடைவெளியே இல்லை, சிவப்பு நீண்டுகொண்டு போகிறது. மாடிப்படியில் இருக்கும் சுருள் பல்ப்பில் நிறங்கள் தனித்தனித் துண்டாக நிற்கின்றன! அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நாலு தரம் பார்த்தார்.

கல்யாணக் கமரா – வெள்ளி, காலை 10.10

வாங்கும்போது போன் கமராவை ஸ்லோ மோஷனில் வைத்து பல்ப்பைப் பிடியுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல்ப்புக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் மலிவு என்றால் வெளிச்சம் செக்கனுக்கு 100 தடவை துடிக்கும், வீடியோவில் பட்டை பட்டையாக ஓடும். பிறகு உங்கள் கடை விளம்பர வீடியோவுக்கு என்னைத் திட்டக்கூடாது.

வெள்ளவத்தை நூல்காரி – வெள்ளி, மதியம் 12.30

எந்த கெல்வின் போடப் போகிறீர்கள்? கூறை உடுத்துவது ஹோலில், அங்கே மஞ்சள் வெளிச்சம். கோயிலுக்குக் கட்டுவது பகலில். கடையில் ஒன்றை மட்டும் காட்டினால் மற்ற இடத்தில் ஏச்சு வாங்குவீர்கள்.

புடவைக்கடைப் பையன் – மூன்று கிழமை கழித்து, ஞாயிறு, இரவு 8.00

எல்லாருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

பனலை அப்படியே விட்டேன், நடந்து திரிய அது போதும். மேசைக்கு மேலே ஸ்பொட் எல்இடி எட்டு, 36 பாகை, ஆர்.ஏ. 95, ஒவ்வொன்றும் 7 வாட்ஸ். ஆர்9 எவ்வளவு என்று கேட்டதும் முதல் கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், மூன்றாவது கடையில் ஒரு தாளை எடுத்துக் காட்டினார்கள். நூல்காரி அக்கா சொன்னபடி நாலு 3,000 கெல்வின், நாலு 4,000 கெல்வின், இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். மேலே பேனையால் 'ஹோல்', 'கோயில்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். மேசைக்கு நேரே உள்ள இரண்டு பனலை அணைத்துவிட்டுக் காட்டினால்தான் வித்தியாசம் தெரிகிறது. முதல் நாள் அணைக்காமல் காட்டி அசடு வழிந்தேன்.

அரக்கு அரக்காக இருக்கிறது. சரிகை மின்னுகிறது. வேட்டி வாசலில். மயில்கழுத்து அக்காவிடம் பாவு ஊடை கதையைச் சொல்லி, சேலையைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினேன். திருப்பித் தர வந்தவர் தங்கைக்கும் ஒன்று எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா இப்போது வருகிற ஆட்களுக்கெல்லாம் இரண்டு சுவிட்சையும் மாறி மாறிப் போட்டுக் காட்டுகிறார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. வெள்ளிக்கிழமை மட்டும் பாட்டுப் போடச் சீடியைத் தேடினார். அது என் பையில் இருக்கிறது, விரல் அடையாளமும் கீறலுமாக. எங்கே என்று கேட்டார், தெரியாது என்றேன்.

கல்யாணக் கமரா – இரவு 8.12

பாட்டை போனில் இறக்கிக் கொடுத்துவிடுங்கள் தம்பி.